அனுபவ நீக்கப் பயிற்சி

தனக்கு அனுபவம் இருக்கிறது என்பது பைறோஸாவுக்கு நாற்பத்தாறாவது வயதில், மருதானையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நான்காம் இலக்கக் கரும பீடத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரியவந்தது. அதுவரை அவள் அதை மாமி என்றுதான் அழைத்துவந்தாள்.

மாமி என்பது அவளுடைய கணவன் மஷூரின் உம்மா. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின், ஒன்பது வருடம் கிராண்ட்பாஸ் வீட்டின் முன்னறையில் கிடந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் பைறோஸா. ஒன்பது வருடத்தில் மாமியின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. போன வருடம் மாமி மௌத்தானார். அதன்பிறகு பைறோஸாவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தக் கைகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு வேலை கிடைத்தது. மீனாள் ஆச்சி, செட்டியார் தெருவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்தவர். எழுபத்தொன்பது வயது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தபின் சக்கர நாற்காலியில் வாழ்கிறார். கடல் தெரிகிற ஐந்தாம் மாடி வீட்டில் தனியாள். பைறோஸாவுக்கு முன் மூன்று பெண்கள் வந்து போயிருந்தார்கள். ஒருத்தி பாட்டு முணுமுணுத்தாள், நிறுத்தப்பட்டாள். இன்னொருத்தி ஆச்சியை ‘பேபி’ என்று கூப்பிட்டாள்; அன்றைக்கே நிறுத்தப்பட்டாள். மூன்றாமவள், “இப்ப நாம மருந்து குடிப்போமா?” என்று கேட்டுவிட்டு ஆச்சிக்கு மட்டும் கொடுத்தாள். “நீயும் குடி” என்றார் ஆச்சி. அவள் தானாகவே போய்விட்டாள்.

பைறோஸா முதல் நாள் ஆச்சியைத் தூக்குவதற்குமுன் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியிடம் அதற்குமேல் பாராட்டுக் கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மெல்பேர்னில் இருக்கும் மகள் விஷ்ணுப்பிரியா வீடியோ அழைப்பில் வரும்வரை.

“பைறோஸா, உங்கக்கிட்ட சான்றிதழ் இருக்கா?”

“என்னத்துக்கு மிஸ்?”

“பராமரிக்கத்தான். இங்கெல்லாம் சான்றிதழ் இல்லாம ஒருத்தரும் ஒருத்தரையும் தொட முடியாது.” விஷ்ணுப்பிரியா நல்ல பெண்தான். கடல்தாண்டி இருந்துகொண்டு தாயைப் பற்றிப் பயப்படுகிறவள். அந்தப் பயத்தைப் பிடித்துவைக்க அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. மாத முடிவுக்குள் சான்றிதழ் உள்ள ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மா வத்தளையில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போகட்டும் என்று சொல்லி, அந்த இல்லத்தின் படங்களையும் அனுப்பினாள். ஒரு படத்தில் பத்துப் பன்னிரண்டு வயோதிபர்கள் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தொப்பிய எனக்குப் போட்டாகன்னா அன்னிக்கே நான் செத்துருவேன்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று பகல் சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் பைறோஸா ஒரு சுவரொட்டியைக் கண்டாள். ‘பராமரிப்பாளராக வாருங்கள்! தகுதி தேவையில்லை! அனுபவம் தேவையில்லை! இரண்டே வாரத்தில் சான்றிதழ்!’ கீழே தேசிய பராமரிப்புத் தகைமை அதிகாரசபை என்றும், அதன்கீழே மருதானை விலாசமும் இருந்தது. தனக்கென்றே ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். தகுதி என்று அவளிடம் எதுவுமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

இப்படித்தான் அவள் அந்த மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ‘முதியோரை மதிப்போம்’ என்று எழுதிய பலகையை லிஃப்டின் கதவுக்குக் குறுக்கே சாத்தி வைத்திருந்தார்கள்.

கரும பீடத்தில் இருந்தவள் ஷெரோமி. கொட்டாஞ்சேனைப் பெண். முப்பது வயதிருக்கும். பைறோஸா நிரப்பிய படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள், பதினான்காவது கேள்வியில் பேனையைக் கீழே வைத்தாள். கேள்வி: ‘விண்ணப்பதாரி இதற்குமுன் எவரையேனும் பராமரித்துள்ளாரா? ஆம் எனில் காரணம் கூறுக.’ பைறோஸாவின் பதில்: ‘ஆம். மாமி. ஒன்பது வருடம். காரணம்: அவங்களுக்கு ஏலாது.’

“ஐயோ அக்கா, இதை ஏன் எழுதினீங்க?”

“கேட்டீக்கே மிஸ்.”

“அனுபவம் தேவையில்லைன்னு போட்டிருக்குத்தானே? நீங்க அனுபவத்தோட வந்திருக்கீங்க.”

“தேவையில்லன்னுதானே போட்டீக்கி. ஈக்கக்கூடாதுன்னு போடல்லயே?”

ஷெரோமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இங்கே இரண்டு திட்டங்கள். ஒன்று புதுமுகத் திட்டம், அனுபவம் இல்லாதவர்களுக்கு. மற்றது அனுபவத் திட்டம். அதற்கு இந்த அதிகாரசபையின் சான்றிதழோடு இரண்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும்.

“அந்தச் சான்றிதழ எப்படி எடுக்கிற?”

“புதுமுகத் திட்டத்துலதான்.”

“அதுக்குத்தான் எனக்கு ஏலாதே.”

“ஓம். உங்களுக்கு அனுபவம் இருக்கே.”

“அப்ப என்னப் போல ஆக்கள் எங்க போற?”

ஷெரோமி நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பொதுவா வீட்டுக்குப் போவாங்க” என்றாள். பிறகு மனம் கேளாமல் இன்னொரு வழி சொன்னாள். கிராம சேவகரிடம் போய், அனுபவம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிவந்தால் பார்க்கலாம்.

கிராண்ட்பாஸ் கிராம சேவகர் சிங்களவர், அந்த லேனில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். “அய்யோ பைறோஸா, நான் எப்படிப் பொய் எழுதுறது? மாமிட நாப்பதாம் நாள் கத்தத்துக்கு நானும் வந்ததே. ரெண்டு தரம் சோறும் வாங்கித் திண்டதே.” ஆனால் இருபத்திரண்டு வருடம் அரச உத்தியோகம் பார்த்தவருக்கு உண்மையை எப்படி மடித்து வைப்பதென்று தெரியும். கடைசியில் இப்படி எழுதிக் கையொப்பமிட்டார்: ‘மேற்படி பைறோஸா என்பவர் தன் மாமியாரைப் பராமரித்தார் என்பதற்கு எழுத்துமூல ஆதாரம் எதுவும் இந்த அலுவலகத்தில் இல்லை. மாமியாரிடம் விசாரித்து உறுதிப்படுத்த இப்போது வழியுமில்லை.’

கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் பதினான்காவது கேள்விக்கு ஏற்கனவே ‘ஆம்’ என்று எழுதிவிட்டபடியால், அந்த ‘ஆம்’ஐ நீக்குவதற்கு அவள் மூன்று நாள் அனுபவ நீக்கப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று முடிவாயிற்று.

பயிற்சிக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் பெண்கள். தாயை, தகப்பனை, புருஷனைப் பார்த்தவர்கள். பைறோஸாவுக்குப் பக்கத்தில் ராக்கம்மா என்ற கொட்டாஞ்சேனைக்காரி இருந்தாள். கண் தெரியாத தமையனைப் பதினாறு வருடம் பார்த்தவள். அவளைத்தான் எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் தூங்கினார். மற்றவர் றிகாஸ் என்ற நடுத்தர வயதுக்காரர். அவர் வேறு ஏதோ காரியாலயம் தேடி வந்து, மாடி மாறி ஏறியவர். இறங்கிப்போகப் பார்த்தபோது வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிவிட்டார்கள்.

முதல் நாள் பணிப்பாளர் யோகலிங்கம் உரையாற்றினார். கழுத்துப்பட்டி கட்டிய, நிதானமான மனிதர்.

“நீங்கள் எல்லாரும் உங்கட ஆக்களை அன்பாப் பார்த்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நான் அதைக் குற்றம் எண்டு சொல்ல வரேல்லை. தெரியாமச் செய்திட்டியள். ஆனா அன்பு எண்டிறது அளக்கேலாத ஒரு சாமான். அளக்கேலாததை எங்கட அதிகாரசபை அங்கீகரிக்கிறேல்லை. நான் முப்பத்திரண்டு வருசமா இந்தத் துறையில இருக்கிறன். இண்டுவரைக்கும் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. அந்த நடுநிலைமையாலதான் எனக்கு இந்தப் பதவி கிடைச்சது.”

கை தட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“என்ர அம்மாவும் வெள்ளவத்தையிலதான் இருக்கிறா. தொண்ணூறு வயசு. அவவைப் பார்க்க ஒரு பிள்ளை வருது. சான்றிதழ் ஒண்டும் இல்லை. நாலைஞ்சு சான்றிதழ்காரரை வைச்சுப் பார்த்திட்டுத்தான் அந்தப் பிள்ளையைப் பிடிச்சனாங்கள். அது குடும்ப விசயம், இதோட கலக்கக்கூடாது. இண்டைக்கு நான் சொல்ல வந்தது தரத்தைப் பற்றி.”

இரண்டாம் நாள் செய்முறை. மேசையில் ஒரு பொம்மை கிடத்தப்பட்டிருந்தது. ஆளளவு உயரம். நோயாளி என்ற சொல் மனதைப் புண்படுத்தும் என்பதால் அதைப் ‘பயனாளி’ என்றே அழைக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாடு அன்பளிப்பாகத் தந்தது. இருப்புப் பதிவேட்டில் ‘உறை பிரிக்கப்படாதது’ என்று எழுதிவிட்டார்கள். ஆகையால் இன்றுவரை உறை பிரிக்கப்படவில்லை. பயனாளியைப் பொலித்தீனோடு சேர்த்துத்தான் பராமரிக்க வேண்டும்.

“பயனாளி தண்ணி கேக்கிறார். என்ன செய்வியள்?” என்று கேட்டார் பணிப்பாளர்.

“தண்ணி குடுக்கிற” என்றாள் ராக்கம்மா.

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். சரியான பதில், ஏழாம் இலக்கப் படிவத்தை நிரப்புவது. படிவம் அங்கீகரிக்கப்பட்டு வருவதற்குள் பயனாளிக்குத் தாகம் தணிந்துவிட்டால் எட்டாம் இலக்கப் படிவம்.

மூன்றாம் நாள் பரீட்சை. ஒவ்வொருவராகப் பயனாளியை மேசையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். முதலில் றிகாஸ் போனார். எங்கே பிடிப்பதென்று தெரியாமல் பொலித்தீனைப் பிடித்துத் தூக்கினார். பயனாளி தலைகுப்புற நிலத்தில் விழுந்து, சுவர்வரை வழுக்கிக்கொண்டு போனது. றிகாஸ் பயந்துபோய் நின்றார்.

“அருமை” என்றார் பணிப்பாளர். “ஒரு துளி முன்பழக்கம் இல்லை. தூய்மையான ஆள். இவரை நாங்கள் எப்படியும் உருவாக்கலாம்.” றிகாஸுக்குப் பரீட்சையில் அதிவிசேட சித்தி.

அடுத்தது பைறோஸா. யாரோ பயனாளியை எடுத்து மேசையில் போட்டிருந்தார்கள். தலை விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பைறோஸா போனாள். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். இரண்டு கைகளையும் தேய்த்தாள், பிடரிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தலையை நிமிர்த்தினாள், பொலித்தீன் விலகியிருந்த முழங்காலை இழுத்து மூடினாள்.

எழுதிக்கொண்டிருந்த பணிப்பாளர் நிமிர்ந்தார்.

“இதை உங்களுக்கு ஆர் பழக்கினது?” என்று கேட்டார் பணிப்பாளர்.

“ஒருத்தரும் இல்ல சேர். கழுத்து வலிக்கும்தானே.”

“ஆருக்கு?”

பைறோஸா பொம்மையைப் பார்த்தாள். “பயனாளிக்கு” என்றாள் மெதுவாக.

“அதுதான் பிரச்சினை” என்றார் பணிப்பாளர் துக்கத்தோடு. அன்று பின்னேரம் கையில் கொடுக்கப்பட்ட கடிதத்தில் இப்படி இருந்தது: ‘சித்தியடையவில்லை. விண்ணப்பதாரியிடமுள்ள அனுபவம் நீக்க முடியாத நிலையை அடைந்துள்ளது.’

மருதானையில் ரயிலேறி வெள்ளவத்தையில் இறங்கும்வரை பைறோஸா அழவில்லை. ஆச்சிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதுதான் அழுகை வந்தது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஆச்சி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்த ஃபாரத்துல இன்னொண்ணு இருக்கா?”

இருந்தது. பைறோஸா பிழைவிட்டால் தேவைப்படுமென்று இரண்டு எடுத்திருந்தாள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு பதினான்காவது கேள்விக்குத் திரும்பிப் போனார்.

“நான் யாரையாச்சும் பார்த்திருக்கேனா?” என்று தன்னையே கேட்டார். “பிள்ளைக்கு ஆயா இருந்தா. அவுகளுக்குக் காய்ச்சல்னா நர்ஸு வந்தாக. எங்காத்தா சாகையில நான் எங்கயோ ஒரு கல்யாணத்துல இருந்தேன். ஒருத்தருக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல, பைறோஸா. இன்னிக்கு வரைக்கும்.” கையை நீட்டினார். “பேனாவக் குடு” என்றார்.

“ஆச்சி, நீங்களா?”

“தகுதி வேணாம், அனுபவம் வேணாமுங்குறாகல்ல? இந்தக் கொழும்புல என்னவிடத் தோதான ஆள் யாரு?”

பைறோஸா படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஷெரோமி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு முத்திரை குத்தினாள். வயதெல்லை ஒரு பெரியவரின் மைத்துனிக்காகப் போன மாதம்தான் சுற்றுநிருபம் மூலம் நீக்கப்பட்டிருந்தது. நேர்முகப் பரீட்சை வீடியோவில் நடந்தது. பைறோஸா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். பணிப்பாளருக்கு ஆச்சியின் மேற்பாதி மட்டும் தெரிந்தது.

“பயனாளி தண்ணி கேக்கிறார் எண்டால் என்ன செய்வியள்?”

“யாரையாச்சும் கூப்பிடுவேன்.”

“ஒருத்தரும் வரேல்லை எண்டால்?”

“இன்னும் சத்தமாக் கூப்பிடுவேன்.”

“பயனாளி அழுதால்?”

“எந்திரிச்சுப் போகச் சொல்லுவேன்.”

“ஏலாத ஆள் எழும்பேலாதே?”

“அப்ப நான் கண்ண மூடிக்கிருவேன்.”

பணிப்பாளர் பக்கத்தில் இருந்த ஷெரோமியிடம் திரும்பினார். “பார்த்தீரோ? உணர்ச்சி எல்லை எண்டு நான் ரெண்டு மணித்தியாலம் படிப்பிக்கிறதை, இவ இயற்கையாகவே வைச்சிருக்கிறா.” அவர் குரல் தழுதழுத்தது. பயிற்சி தேவையில்லை என்று அங்கேயே விலக்களித்தார்.

ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. தங்க ஓரம் போட்டது. கூடவே இளநீலச் சீருடை ஒன்றும், ஒரு கைந்நூலும், ஒரு அறிவித்தலும்: சான்றிதழ் பெற்றவர் ஒரு வாரத்துக்குள் தன் பராமரிப்பிலுள்ள பயனாளியைப் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இருந்த மற்ற ஆள் பைறோஸாதான். பதிவுப் படிவத்தில் ‘இயலாமையின் தன்மை’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அவள் கரும பீடத்தில் நின்றபோது, ஷெரோமி பேனையை வாங்கித் தானே எழுதினாள்: ‘நீக்க முடியாத அனுபவம்.’ ஆதாரமாகப் பணிப்பாளரின் கையொப்பத்தோடு இருந்த தோல்விக் கடிதத்தை இணைத்தாள். “வைத்தியச் சான்றிதழவிட இது ஸ்ட்ரோங், அக்கா” என்றாள்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது விஷ்ணுப்பிரியா அழைத்தாள். பைறோஸா சான்றிதழைக் கமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

“ஆள் வீட்டோட இருப்பாங்களா?”

“இருபத்திநாலு மணித்தியாலமும் மிஸ். வெளியிலயே போறல்ல.”

“பேர் மீனாளா? அட, அம்மா பேரு! அம்மாவுக்கு அவங்களப் பிடிச்சிருக்கா?”

“மிச்சம் பிடிச்சீக்கி” என்றாள் பைறோஸா. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். இதில் ஒரு பொய்யும் இல்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கள ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். கீழே காவலாளி தொலைபேசியில் சொல்லி, லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கு வருவதற்கிடையில் பைறோஸா ஆச்சிக்கு இளநீலச் சட்டையை மாட்டிவிட்டு, தான் கட்டிலில் ஏறிப் படுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். கதவைத் திறந்தவர், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிப்போன ஆச்சி. இடுப்பு உடைந்தபின் அவர் அவ்வளவு தூரம் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை.

பணிப்பாளர் யோகலிங்கம் உள்ளே வந்தார். பின்னால் ஷெரோமி, கோப்போடு.

“பராமரிப்பாளர் ஏன் சக்கர நாற்காலியில?”

“பராமரிப்பாளரோட கண்ணு பயனாளியோட கண் மட்டத்துல இருக்கணும்” என்றார் ஆச்சி. “உங்க புத்தகம், பக்கம் நாப்பத்தொண்ணு.”

பணிப்பாளர் திகைத்துப்போனார். அந்தக் கைந்நூலை எழுதியவர் அவர்தான். பதினோரு வருடத்தில் நாற்பத்தோராம் பக்கம்வரை யாராவது போயிருப்பார்கள் என்று அவர் நினைத்ததில்லை. பிறகு அவர் பார்வை கட்டிலுக்குப் போனது.

“இந்த முகம் எங்கயோ பார்த்த மாதிரிக் கிடக்கு.”

“பயனாளிகள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சேர் இருப்பாங்க” என்றாள் ஷெரோமி.

“அது சரி” என்று அவர் ஒப்புக்கொண்டார். “நல்லது, செய்முறையைப் பாப்பம். பயனாளிக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ.”

ஆச்சி மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் காலையில் பைறோஸா போட்டுவைத்த ஃபிளாஸ்க் இருந்தது. ஆச்சி அதன் மூடியை எந்தப் பக்கம் திருகுவதென்று தெரியாமல் முதலில் இறுக்கினார். பிறகு திறந்தது. கோப்பையில் ஊற்றும்போது குறி தவறிப் பாதி தட்டில் போயிற்று. பைறோஸா எழும்பப் பார்த்தாள். ஆச்சி ஒரு பார்வை பார்த்தார், படுத்துவிட்டாள்.

ஆச்சி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். கொஞ்சம் யோசித்தார். கோப்பையை உதட்டருகே கொண்டுபோய் ஊதினார். தானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு பைறோஸாவின் தலையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்து, கோப்பையை அவள் வாயில் வைத்தார்.

பைறோஸாவுக்கு இப்படி ஒருவர் பருக்கியது நினைவிலேயே இல்லை. அவளுடைய உம்மா செய்திருக்கலாம். அது தெரியாத வயது. சீனி இல்லாத, பாதி ஆறிய அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கும்போது அவள் கண்கள் இரண்டும் நிறைந்து, காதுப் பக்கமாக வழிந்தன.

பணிப்பாளர் எழுதினார்: ‘பராமரிப்பு: மிகத் திருப்தி. குறைபாடு: பராமரிப்பாளர் ஏழாம் இலக்கப் படிவமின்றிப் பானம் வழங்கினார், முதல் தவறு என்பதால் மன்னிக்கலாம். பயனாளி காரணமின்றி அழுகிறார். நீண்டகாலப் பராமரிப்புத் தேவை.’ அவர் கையொப்பமிட்டு, ஆச்சிக்குத் தலை வணங்கிவிட்டு வெளியேறினார். ஷெரோமி போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பைறோஸா போர்வையை விலக்கினாள். “பகல் சமைக்கணும் ஆச்சி. துணியும் காயப்போடல்ல.”

“படு.”

“எனக்கு ஒண்டும் இல்ல ஆச்சி.”

“நீண்டகாலம்னு எழுதிட்டுப் போயிருக்காக. சான்றிதழ் யார்ட்ட இருக்கு? படுங்கிறேன்.”

பைறோஸா படுத்தாள். ஒரு நிமிடம் படுத்துவிட்டு எழும்பலாம் என்றுதான் நினைத்தாள். ஜன்னலால் கடல்காற்று வந்தது. கரையோர ரயில் ஒன்று போனதுவரை அவளுக்குத் தெரியும்.

மேசையில் கைப்பேசி அடித்தது. மெல்பேர்னிலிருந்து விஷ்ணுப்பிரியா. ஆச்சி அதை அவசரமாக எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“அப்புறமாப் பேசு” என்றார் தாழ்ந்த குரலில். “நான் வேலையில இருக்கேன். இங்க ஒரு ஆளு தூங்குறா.”